கட்டியக்காரன் கேட்கிற கேள்வி

(செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தில் நடைபெற்ற இலக்கிய விழாவில் எழுத்தாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



நோட்டீசிலே என் பெயருக்கு நேராக "இலக்கியமும் மக்களும்" என்று ஒரு தலைப்பை அச்சடித்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. இதை வைத்துக்கொண்டு விடிய விடியப் பேசலாம். ஆனால் நீங்கள் விடியற்காலையிலே எழுந்து கழனிக்கும் ஆலைக்கும் போக வேண்டியவர்கள். ஆகையினாலே அந்தப் பெரிய தலைப்புக்குள்ளேயிருந்து ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இலக்கிய விழாவுக்குப் போகிற எழுத்தாளனை வழியிலே சந்திக்கிற ஜனங்கள் என்ன கேட்கிறார்கள்? பஸ்ஸிலே என்ன கேட்கிறார்கள், டீக்கடையிலே என்ன கேட்கிறார்கள்? அந்தக் கேள்விகள் வேடிக்கையானவை. கேட்டால் சிரிப்பு வரும். சிரித்து முடித்து யோசித்துப் பார்த்தால், மேடையிலே நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற கேள்விகளை விட அவை கனமானவை என்று தெரியும். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

இன்று மத்தியானம் செஞ்சி பஸ் ஸ்டாண்டிலே அனந்தபுரம் வண்டியில் ஏறினேன். பக்கத்து இடத்திலே ஒரு ஆயா. மடியிலே ஒரு மஞ்சள் பை. வண்டி புறப்படுவதற்கு முன்பே விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"எங்கப்பா போற?"

"அனந்தபுரம், ஆயா."

"யாரு ஊட்டுக்கு?"

"யார் வீட்டுக்கும் இல்லை. கூட்டத்திலே பேசப் போகிறேன்."

"இன்னா கூட்டம்?"

"இலக்கியக் கூட்டம்."

"எலக்‌ஷன் கூட்டமா? அதுக்குள்ளயா வந்துடுச்சு?" (சிரிப்பு)

முன் சீட்டிலே இருந்த வாலிபர் ஒருவர் திரும்பி, "எலக்‌ஷன் இல்ல ஆயா, இலக்கியம். கதை, பாட்டு" என்று விளக்கினார். ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாடுவியா?"

"பாட வராது."

"வேஷம் கட்டி ஆடுவியா?"

"அதுவும் வராது."

"பின்ன உன்ன எதுக்குக் கூப்பிட்டாங்க?" (பெருத்த சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். விழாக் கமிட்டித் தோழர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். என்னால் முடிந்த பதிலை நான் சொன்னேன். "ஆயா, நான் எழுதுகிறவன்" என்றேன்.

"எழுதறவனா! பத்திரமா, மனுவா?"

"கதை எழுதுவேன்."

"அது இருக்கட்டும். எழுதத் தெரியும் இல்ல? அப்ப இத எழுது" என்று மஞ்சள் பைக்குள்ளிருந்து மடித்து வைத்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

விஷயம் இதுதான். அவர் குடியிருக்கிற மனைக்குப் பட்டா இல்லை. மனு எழுதிக் கொடுக்கத் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறார். வாசலிலே மனு எழுதுகிறவர் சாப்பிடப் போய்விட்டார். இந்த வண்டியை விட்டால் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும் என்று வெறுந்தாளோடு திரும்பிவிட்டார். திரும்புகிற வழியிலே எழுதத் தெரிந்தவன் ஒருவன் பக்கத்திலே வந்து உட்கார்ந்தால் விடுவாரா?

நான் பேனாவை எடுத்தேன். ஆயா சொல்லச் சொல்ல எழுதினேன். பின் சீட்டிலே ஒரு பெரியவர். பல வருஷம் தலையாரி உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராம். மனு விஷயம் அவருக்கு அத்துபடி. எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், "தம்பி, 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று போடு" என்றார்.

ஆயா சட்டென்று திரும்பினார். "தாழ்மை எதுக்கு? நாப்பது வருஷமா ஊட்டு வரி கட்டி ரசீது வச்சிருக்கேன். நான் இன்னா கடனா கேக்கறேன்?"

"அப்படிப் போடுறதுதான் வழக்கம், அக்கா."

"வழக்கத்த மாத்து!"

அடுத்த வாக்கியத்திலே இன்னொரு சண்டை. "வாசல்லே வேப்ப மரம் இருக்குதுன்னு எழுது. நான் வச்ச மரம்னு எழுது" என்றார் ஆயா. தலையாரிக்குத் தாங்கவில்லை. "மரத்தப் பத்தி ஆபீசருக்கு இன்னா? சர்வே நம்பரு போட்டா போதும்" என்றார்.

"சர்வே நம்பரு அவங்க போட்டது. மரம் நான் போட்டது. நான் அங்க இல்லவே இல்லன்னு எவனாவது சொன்னா, மரம் தானா மொளச்சுதுன்னு சொல்லுவானா?" என்று கேட்டார் ஆயா.

வண்டியே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. மரம் வேண்டும் என்று ஒரு கட்சி. வேண்டாம் என்று ஒரு கட்சி. கரும்பு வெட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் நான்கு பேர் மரத்தின் பக்கம். கடைசியிலே கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார்: "மரம் இருக்கட்டும் சார். அது சாட்சி." மரம் நிலைத்தது.

"பட்டா உன் பேருக்கு எதுக்கு, மகன் பேருக்குக் கேளேன்" என்று ஒருவர் ஆரம்பித்தார். அதற்கு ஆயா பதிலே சொல்லவில்லை. ஒரு பார்வை பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். (சிரிப்பு)

எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். வண்டி இரைச்சலிலே எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள். ஆயா ஒரே ஒரு வார்த்தை அபிப்பிராயம் சொன்னார்: "எழுத்து கோணலா இருக்குது. ஆனா நான் சொன்னதத்தான் எழுதியிருக்கற." சொல்லிவிட்டுப் பைக்குள்ளே கையை விட்டு ஒரு பிடி வறுத்த மல்லாட்டையை எடுத்து என் கையிலே வைத்தார். கதைக்குச் சன்மானம் எப்போது வரும் என்று மாதக் கணக்காகக் காத்திருந்து பழகியவன் நான். எழுதி முடித்த நிமிஷத்திலே சன்மானம் கைக்கு வந்தது இன்றைக்குத்தான். (கைதட்டல்)

தோழர்களே, அந்தப் பஸ்ஸிலே நடந்தது என்ன? நான் அதை இலக்கிய விழா என்றே சொல்லுவேன். யாருடைய குரலில் எழுதுவது? ஆபீசின் வார்த்தையிலா, உழைக்கிறவளின் வார்த்தையிலா? குனிந்து எழுதுவதா, நிமிர்ந்து எழுதுவதா? ஒருத்தியின் வாழ்க்கைக்கு எது சாட்சி, நம்பரா, அவள் கையால் நட்ட மரமா? சொத்து யார் பேரிலே இருக்க வேண்டும்? பெரிய பெரிய மாநாடுகளிலே கட்டுரை படிக்கிறோமே, அங்கே பேசுவதும் இவைதாமே? இங்கே ஒரு ஆயாவும், ஒரு தலையாரியும், ஒரு கண்டக்டரும், நான்கு கரும்பு வெட்டும் பெண்களும் ஒரு மனுவை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விவாதித்துவிட்டார்கள். அவர்களுடைய விவாதத்துக்குப் பின்னாலே ஒரு வீடு இருந்தது. ஆகவே யாரும் ஒப்புக்குப் பேசவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கினேன். விழாவுக்கு நேரம் இருந்தது. ஒரு டீக்கடையிலே உட்கார்ந்தேன். அங்கே இரண்டாவது விசாரணை.

இவர் ஒரு ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி. பாண்டிச்சேரியிலே பஞ்சாலையில் தறி ஓட்டியவர். வயதான காலத்திலே சொந்த ஊருக்கு வந்துவிட்டார். நான் எழுத்தாளன் என்று தெரிந்ததும் ஆயாவைப் போல அவர் திகைக்கவில்லை. நேரே கணக்குக்கு வந்தார்.

"பக்கத்துக்கு எவ்வளவு?"

"அப்படி ஒரு கணக்குக் கிடையாது, அண்ணே. சில பத்திரிகைகள் கொடுக்கும். சிலர் அன்பளிப்புப் பிரதி அனுப்புவார்கள்."

"அப்படின்னா?"

"என் கதை வந்த இதழிலே ஒன்றை எனக்கே அனுப்புவார்கள்."

அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நல்லா இருக்குதே! நான் நெய்த துணியிலே ஒரு முழத்தைக் கிழித்து எனக்கே கூலி என்று கொடுத்திருந்தால், மில் கேட்டிலே என்ன நடந்திருக்கும் தெரியுமா?" (சிரிப்பு)

"ரேட்டு யார் போடுறாங்க? நாள் கடந்தா கேக்கறதுக்குச் சங்கம் இருக்குதா?" என்று மேலும் கேட்டார். எழுத்தாளர்களுக்கும் சங்கங்கள் உண்டு என்று சொன்னேன். 1961-லே ஜீவா முன்னின்று தொடங்கிய தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றத்தையும், 1975-லே மதுரையிலே உருவான முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தையும் சொன்னேன். அவருக்குத் திருப்தி. "அப்ப நீங்களும் நம்ம ஆளுதான்" என்று என் டீக்கும் அவரே காசு கொடுத்தார். எழுத்தை அவர் ஒரு வேலையாக மதித்தார். மற்ற வேலைக்குக் கேட்கிற கேள்வியை இதற்கும் கேட்டார். அதைவிடப் பெரிய மரியாதை எழுத்தாளனுக்கு என்ன இருக்கிறது?

அதோடு விடவில்லை. "உங்க கதையப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

"அரை மணி நேரம்."

"அந்த அரை மணி நேரம் எங்கேயிருந்து வந்துச்சு, தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அவரே சொன்னார்.

1936-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி. பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. சவானா மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்திலே இருந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு தொழிலாளிகள் மாண்டார்கள். தோழர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்துக்குப் பிறகே, அடுத்த வருஷம், எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் அங்கே சட்டமாயின. "அதுக்கு முன்னாலே எங்க தாத்தா காலத்திலே இருட்டோட போயி இருட்டோட வருவாங்க. கதை படிக்க ஏது நேரம்? நீ எழுதற கதைய ஒரு தொழிலாளி படிக்கிறான்னா, அந்த அரை மணி நேரத்துக்குப் பன்னெண்டு பேரு விலை கொடுத்திருக்காங்க. அத நெனச்சி எழுது" என்றார்.

நான் எழுதியது அச்சாவதற்குக் காகிதம் வேண்டும், மை வேண்டும், யந்திரம் வேண்டும் என்று நினைப்போம். படிக்கிறவனுக்கு ஒரு சாயங்காலம் வேண்டும் என்பதை நினைப்பதில்லை. 1886-லே சிகாகோ நகரத்துத் தொழிலாளிகள் எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்தார்கள். 1923-லே சென்னையிலே சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல்முறையாக மே தினக் கொடி ஏற்றினார். எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், மீதி எட்டு மணி நமக்கு. அந்த மூன்றாவது எட்டு மணியிலேதான் இலக்கியம் குடியிருக்கிறது. அந்தப் பெரியவர் வேலை பார்த்த பாண்டிச்சேரியிலே பழம்பெரும் ஏ.எஃப்.டி. ஆலை 2020-லே மூடப்பட்டுவிட்டது. சங்கு ஊதவில்லை என்றால் ஓய்வு நேரம் பெருகியதாக அர்த்தமா? வேலை இல்லாதவனுக்கு இருபத்துநாலு மணி நேரமும் கவலை. அவன் கையிலே புத்தகம் நிற்காது. ஆகவே வேலைக்கான போராட்டமும், நேரத்துக்கான போராட்டமும், படிப்புக்கான போராட்டமும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள்.

எல்லா இலக்கிய விழாவும் இந்த ஊர் விழாவைப் போல இருக்காது. ஒரு சமயம் ஒரு பெரிய நகரத்திலே நடந்த விழாவுக்குப் போனேன். பெரிய ஓட்டல். குளிர் காற்று. கழுத்திலே அட்டை மாட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அன்றைய விவாதத்தின் தலைப்பு என்ன தெரியுமா? "ஏழை மக்களின் இலக்கியம்." (சிரிப்பு) நாங்கள் ஐந்து பேர் மேடையிலே ஏழைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். தண்ணீரும் காபியும் கொண்டுவந்து வைத்தவர்களைத் தவிர அங்கே ஏழை யாரும் இல்லை.

கூட்டம் முடிந்தது. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். கிளாசுகளை எடுக்க வந்த சர்வர் தம்பி என் பக்கத்திலே வந்து மெதுவாக, "சார், ஒரு கேள்வி கேக்கலாமா? அப்பவே கேக்கணும்னு நெனச்சேன். மைக்கு எங்களுக்குக் கிடையாது" என்றார்.

"கேளுங்க தம்பி."

"எங்கள மாதிரி ஆளு கதையிலே வந்தா, ஏன் சார் எப்பவும் தலையக் குனிஞ்சுக்கிட்டே நிக்கிறான்? நாங்க சமையக்கட்டுலே பேசறதக் கேட்டிருக்கீங்களா? மேனேஜரு மாதிரியே நடிச்சுக் காட்டுவோம். வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்த ஆளு ஏன் கதையிலே வர்றதில்ல?"

அந்த ஒரு மணி நேரத்திலே பேசப்பட்ட எல்லாவற்றையும் விட இந்தக் கேள்வி பெரியது. உழைக்கிறவனுக்காகப் பரிதாபப்படுகிற எழுத்து ஒன்று உண்டு. அது அவனுடைய கண்ணீரை எழுதும். அவன் சிரிப்பை எழுதாது. அவனுடைய கேலியை, கெட்டிக்காரத்தனத்தை, தன்மானத்தை எழுதாது. தலை குனிந்தவனாகக் காட்டினால்தான் படிக்கிறவர்களுக்கு இரக்கம் வரும் என்று ஒரு கணக்கு. இரக்கம் வந்து என்ன பிரயோஜனம்? பட்டா கேட்ட ஆயாவுக்குத் தாழ்மை வேண்டாம் என்றாரே, அந்தச் சங்கதிதான் இது.

என்னுடைய பயணம் போதும். ஒரு மகாகவியின் பயணத்தைச் சொல்கிறேன்.

1921-ம் வருஷம். ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்திலே ஒரு வாசகசாலை. அதனுடைய ஆண்டு விழாவுக்குப் பாரதியாரை அழைத்தார்கள். வக்கீல் தங்கப்பெருமாள் பிள்ளை அழைத்தார். அப்போது பாரதி சென்னையிலே சுதேசமித்திரனில் வேலை பார்க்கிறார். ரயிலேறிப் போனார். ஜூலை 31-ந் தேதி அந்த வாசகசாலையிலே "மனிதனுக்கு மரணமில்லை" என்ற விஷயம் பற்றிப் பேசினார். திரும்பி வந்து தன் ஈரோட்டு யாத்திரையைச் சுதேசமித்திரனிலே எழுதினார். அதிலே ரயிலடியிலிருந்து தன்னை ஏற்றிச் சென்ற மாட்டு வண்டிக்கும் இடம் கொடுத்தார். வேடிக்கையாக எழுதினார். அதற்குப் பிறகு அவர் ஆறு வாரம் கூட இருக்கவில்லை. அந்தச் செப்டம்பர் மாதத்திலே காலமானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

யோசித்துப் பாருங்கள். ஒரு பெரிய கவி, ஒரு கிராமத்து வாசகசாலையின் அழைப்பை மதித்து அவ்வளவு தூரம் போனார். அவருக்குக் கூட்டமும் விஷயம், வண்டியும் விஷயம். ஆனால் ஒன்று. 1921-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவிலே நூற்றுக்குச் சுமார் ஏழு பேர்தான் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். கவி ஏறிய வண்டியை ஓட்டிய மனிதர்களிலே எத்தனை பேர் அந்தக் கவியின் எழுத்தைப் படித்திருக்க முடியும்?

பத்து வருஷம் கழித்து, 1931-லே, மன்னார்குடிப் பக்கம் மேலவாசல் கிராமத்திலே கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு காரியம் செய்தார். மாட்டு வண்டி ஒன்றிலே புத்தகங்களை அடுக்கினார். ஊர் ஊராக ஓட்டினார். நடமாடும் நூலகம்! நூலக இயக்கத்தின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். கவியை ஏற்றிய மாட்டு வண்டி போய், கவிதையை ஏற்றிய மாட்டு வண்டி வந்தது. 1948-லே சென்னை ராஜ்யத்திலே பொது நூலகச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம், 1949-லே, பாரதியின் நூல்கள் நாட்டுடைமையாகும் என்று சர்க்கார் அறிவித்தது. இரண்டும் நடந்தபோது முதன்மந்திரியாக இருந்தவர் யார்? நம் பழைய தென்னார்க்காடு ஜில்லாக்காரர், திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். ஜனங்கள் கேட்டார்கள். தோழர் ஜீவா போன்றவர்கள் மேடை மேடையாகக் கேட்டார்கள். கேட்டதனாலே கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நூலகச் சட்டப்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலாகிறது. நாற்பது வருஷமாக வீட்டு வரி கட்டிய ஆயா, நாற்பது வருஷமாகப் புத்தகத்துக்கும் பணம் கொடுத்திருக்கிறார்! அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நூலகத்துப் புத்தகங்களிலே அவருடைய காசு இருக்கிறது. "உன்ன எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று என்னைக் கேட்க அவருக்கு உரிமை இல்லாமல் வேறு யாருக்கு இருக்கிறது? (கைதட்டல்)

அடுத்து, இந்த ஊர் விஷயத்துக்கு வருகிறேன். எழுத்தாளர்களாகிய நாங்கள் பட்டணத்திலிருந்து இலக்கியத்தைப் பெட்டியிலே வைத்து உங்களுக்குக் கொண்டுவருவதாக யாராவது நினைத்தால், அவர்களுக்குச் செஞ்சிச் சீமை தெரியாது என்று அர்த்தம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையிலே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டு. பதினொன்று மகாராஷ்டிரத்திலே, ஒன்று இங்கே. சந்தோஷம். ஆனால் இந்தச் சீமையிலே கோட்டையைப் போலவே இன்னொரு சொத்து இருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழா. பகலிலே பாரதப் பிரசங்கம். இராத்திரியிலே கூத்து. கடைசியிலே படுகளம், தீமிதி. நாள் கணக்கிலே நடக்கிற இந்த இலக்கிய விழாவிலே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பகலெல்லாம் நாற்று நட்டவர்கள், கரும்பு வெட்டியவர்கள், மல்லாட்டை பிடுங்கியவர்கள். வில்லிபுத்தூரார் பாட்டுக்குப் பொருள் சொன்னால் தலையாட்டுகிறார்கள். பிரசங்கியார் ஒரு கிளைக் கதையை விட்டுவிட்டால், "அத ஏன் விட்டீங்க?" என்று கேட்கிறார்கள்.

இதைப் படிக்க அமெரிக்காவிலிருந்து ஆல்ஃப் ஹில்டெபெய்டல் என்ற அறிஞர் செஞ்சிக்கு வந்தார். மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலையும் இந்த வட்டாரத்துக் கூத்தையும் பிரசங்கத்தையும் ஆராய்ந்து, பெரிய புத்தகம் எழுதினார். 1988-லே முதல் பாகம் வெளிவந்தது. வெளியிட்டது சிகாகோ பல்கலைக்கழகம். எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்த அதே சிகாகோ நகரம்தான். தொழிலாளிகள் கண் விழித்துக் காப்பாற்றிய கலையைப் பற்றிய புத்தகம் அந்த ஊரிலே அச்சானது பொருத்தம்தான்.

கூத்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். திரைக்குப் பின்னாலிருந்து ராஜா வருவார். கிரீடம், புஜக்கட்டை, சலங்கை எல்லாம் பளபளக்க வருவார். அப்போது கட்டியக்காரன் என்ன செய்வான்? காலிலே விழுவானா? "யாரய்யா நீ? எந்த ஊரு? எதுக்கு வந்தே?" என்று கேட்பான். துரியோதனனையே கேட்பான். ராஜா தன் பேரும் ஊரும் பெருமையும் தானே சொல்லியாக வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் கட்டியக்காரன் நாலு இடத்திலே கிண்டல் செய்வான். சபை சிரிக்கும். அவன் சபைக்கு ஆள். நம் சார்பாக ராஜாவை விசாரிக்கிறவன்.

தோழர்களே, பஸ்ஸிலே ஆயா கேட்டது கட்டியக்காரன் கேள்வி. டீக்கடைப் பெரியவர் கேட்டது கட்டியக்காரன் கேள்வி. ஓட்டல் தம்பி மைக்கு இல்லாமல் கேட்டது அதே கேள்வி. நீ யார், யாருக்காக வந்தாய், உன் வேலையால் எங்களுக்கு என்ன? கிரீடம் வைத்த ராஜாவையே விசாரித்துப் பழகிய ஜனங்கள், ஜிப்பா போட்ட எழுத்தாளனை விசாரிக்கக் கூடாதா? (பலத்த கைதட்டல்)

விசாரிக்க வேண்டுமானால் முதலிலே படிக்க வேண்டும். படிக்க நேரம் இல்லை, கண் தெரியவில்லை, எழுத்துக் கூட்ட வராது என்று சொல்லுவீர்கள். அதற்கும் தொழிலாளி வர்க்கம் வழி கண்டிருக்கிறது.

கியூபா நாட்டின் ஹவானா நகரத்திலே சுருட்டுத் தொழிற்சாலைகள் ஏராளம். 1865-லே அங்கே ஒரு வழக்கம் ஆரம்பித்தது. தொழிலாளிகள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் உயரமான இடத்திலே உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்க வாசிப்பார். அவருக்குச் சம்பளம் முதலாளி கொடுக்கவில்லை. தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். ஸ்பெயின் நாட்டு ஆட்சியாளர்கள் பயந்துபோய் அடுத்த வருஷமே தடை போட்டார்கள். ஆனாலும் அந்த வழக்கம் சாகவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரளத்திலே கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளிகள் இதையே செய்தார்கள். ஒருவர் வாசிப்பார். மற்றவர்கள் அவருடைய பங்குப் பீடியையும் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பார்கள். 1969-லே அவர்களே கூட்டுறவு முறையில் கேரள தினேஷ் பீடியைத் தொடங்கினார்கள். அங்கேயும் வாசிப்பு தொடர்ந்தது. எழுத்துத் தெரியாதவர்களும் அரசியல் பேசினார்கள், நாவல் பேசினார்கள். ஒரு காது போதும். கூட நாலு தோழர்கள் போதும்.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, வாரத்துக்கு ஒரு சாயங்காலம். திண்ணையோ, சங்க ஆபீசோ, கோயில் வாசலோ, ஏதாவது ஓரிடம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று வாசிக்கட்டும். மற்றவர்கள் கேளுங்கள். ஆளுக்கொரு கைப்பேசி வந்துவிட்ட காலம் இது. தனித்தனியாகத் தலை குனிந்து பார்க்கிறோம். ஒரு மணி நேரம் அதைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்போம்.

இரண்டாவது, பக்கத்திலே உள்ள நூலகத்துக்குப் போங்கள். நீங்கள் வரி கொடுத்த இடம் அது. வேலை முடிந்து போகிற நேரத்திலே பூட்டியிருந்தால், திறந்து வைக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். எப்படி மனு எழுதுவது என்று இன்றைக்குச் சொல்லிவிட்டேன். தாழ்மை வேண்டாம். (சிரிப்பு)

மூன்றாவது, எந்த எழுத்தாளன் வந்தாலும் மாலை போட்டு, கைதட்டி, வண்டி ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். விசாரியுங்கள். உன் கதையிலே எங்கள் சிரிப்பு எங்கே என்று கேளுங்கள். எங்கள் கூலி எங்கே, எங்கள் நிலம் எங்கே, எங்கள் வீட்டுப் பெண்களின் பேர் எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தவன் நின்று சொல்லுவான். முடியாதவன் வீட்டுக்குப் போய் யோசிப்பான். இரண்டிலேயும் லாபம் உங்களுக்குத்தான்.

நான் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். தலைவர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்றியுரை காத்திருக்கட்டும். இந்த மைக்கைக் கழற்றிக் கீழே கொடுங்கள். வயர் எட்டாவிட்டால் நானே இறங்கி வருகிறேன். அந்தப் பின்வரிசையிலே, வைக்கோல் போருக்குப் பக்கத்திலே நிற்கிறீர்களே, அம்மா, உங்களிடமிருந்து ஆரம்பிக்கலாம். கேளுங்கள்.

(நீண்ட கைதட்டல்)